செக் சட்டையும் பேங்க் செக்கும் சொந்தக்காரங்களா? – கேள்வி பதில்

2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதிலிருந்து எங்கள் குன்னூர்ப் பக்கம் செஸ் கிளாஸுக்குப் போகும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஆட்டத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அந்தப் பிள்ளைகளே என்னை ஜெயித்துவிடுவார்கள். சொற்களைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் சில.

சார், செஸ் என்றால் என்ன அர்த்தம் என்று பையன் கேட்கிறான். (கோத்தகிரியிலிருந்து ஒரு அம்மா)

ராஜாக்கள். பாரசீக மொழியில் ராஜாவுக்கு ஷா என்று பெயர், ராஜாவுக்கு ஆபத்து வந்தால் எதிராளி "ஷா!" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தச் சொல் அரபி, லத்தீன் என்று சுற்றிப் பழைய பிரெஞ்சுக்குப் போய் 'எஸ்செக்' ஆனது, அதற்குப் பன்மை 'எஸ்செஸ்'. ஆங்கிலேயர்கள் முன்னால் இருந்ததை விழுங்கிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டார்கள். ஒருமை செக், பன்மை செஸ், அவ்வளவுதான்.

சதுரமான பலகை என்பதால்தானே சதுரங்கம்? (ஊட்டி, கல்லூரி மாணவி)

இல்லை அம்மிணி. சதுர் என்றால் நான்கு, அங்கம் என்றால் உறுப்பு. தேர், யானை, குதிரை, காலாள் என்று நால்வகைப் படை. இது பாரசீகத்தில் சத்ரங் ஆகி, அரபியில் ஷத்ரஞ்ச் ஆனது. அரபிக்காரர்களிடமிருந்து நேராக வாங்கிய ஸ்பெயின் இன்னும் ஆட்டத்தை 'அஹெத்ரெத்' என்கிறது, காதை நன்றாகத் தீட்டிக்கொண்டு கேட்டால் நம் சதுரங்கம் உள்ளே இருக்கும்.

செக்மேட்டில் அந்த மேட் யார்? (கேத்தி, ஏழாம் வகுப்பு)

நண்பன் இல்லை கண்ணு. 'ஷா மாத்': ராஜா வழியில்லாமல் நிற்கிறார். 'மாத்' என்றால் செத்துப்போனார் என்று அரபியை வைத்துச் சொல்வார்கள், எனக்குப் பாரசீகப் பொருள்தான் சரியாகப் படுகிறது. ஏனென்றால் செஸ்ஸில் ராஜாவை யாரும் வெட்டுவதே இல்லையே!

கட்டம் போட்ட சட்டையும் செக்தான், பேங்கில் கொடுப்பதும் செக்தான். தற்செயலா? (அருவங்காடு)

இந்தக் கேள்விக்காகத்தான் அண்ணா காத்திருந்தேன். எல்லாம் ஒரே குடும்பம். செஸ் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் எஸ்செக்கியே. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ராஜாவின் வரிக்கணக்கைப் பார்க்க ஒரு மேசை இருந்தது. பத்தடி நீளம், ஐந்தடி அகலம், மேலே கோடு போட்ட கறுப்புத் துணி, காசு உருண்டு கீழே விழாமலிருக்க ஓரத்தில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு விளிம்பு. ஒரு பக்கம் வரி வசூலித்து வந்த மாவட்ட அதிகாரி, எதிரே கருவூலக்காரர், நடுவில் பவுனுக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒரு பத்தி, பென்னிக்கு ஒரு பத்தி என்று வில்லைகளை வைத்து எடுப்பார்கள். பார்க்கச் சதுரங்கம் மாதிரியே இருக்கும், அந்த மேசையைப் பற்றி அந்தக் காலத்திலேயே எழுதியவரும் இது இருவருக்கும் நடக்கும் போர் என்றுதான் சொல்கிறார். அதனால் அந்த அலுவலகத்துக்கே 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் விழுந்தது, பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றைக்கும் அதே பட்டத்தோடுதான் பட்ஜெட் வாசிக்கிறார்.

சட்டை அந்தக் கட்டத்திலிருந்து வந்தது. பேங்க் செக் வேறு வழி: ராஜாவைத் தடுப்பது செக், அப்புறம் எதையும் தடுத்து நிறுத்துவது செக், பிறகு சரிபார்ப்பது செக். மோசடி நடக்காமல் சரிபார்க்க வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்கும் அதே பெயர் வந்தது, பிறகு தாளுக்கே ஒட்டிக்கொண்டது.

செஸ்ஸில் மூலையில் நிற்கும் ரூக், அந்தப் பெயரில் ஒரு காக்கை உண்டே, அதுவா? ஆமாம், வடக்கே பிஷப் காயை ஒட்டகம் என்கிறார்களே? (வெலிங்டன்)

காக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது பாரசீக 'ருக்', தேர். பிஷப் கதைதான் வேடிக்கை. அங்கே முதலில் நின்றது யானை, அரபியில் அல் ஃபீல். சிலை வடிக்காத கைவினைஞர்கள் யானையை வெறும் மொட்டைக் கட்டையாக்கி, தந்தத்துக்கு அடையாளமாக இரண்டு முனையை மட்டும் நீட்டிவிட்டார்கள். யானையைப் பார்த்தறியாத ஐரோப்பாவில் ஆங்கிலேயருக்கு அது பாதிரியாரின் தொப்பியாகத் தெரிந்தது, பிரெஞ்சுக்காரர்களுக்குக் கோமாளியின் தொப்பியாக. ரஷ்யர்கள் இன்னும் அதை யானை என்றே கூப்பிடுகிறார்கள். நம் ஊரில் யானையை மூலைக்குத் தள்ளிவிட்டு இந்த இடத்தில் மந்திரியை நிறுத்துகிறோம், அவரோ பாரசீகத்தில் ராணியின் இடத்தில் இருந்தவர்.

மேசையில் கோலால் பந்தை அடிக்கும் ஸ்நூக்கர் நம்ம ஊட்டியில் பிறந்ததாமே? (ஃபிங்கர்போஸ்ட்)

பாதி சரி. 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிவைத்தார் (பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லேன் வேறு ஆள்). விதிகளை எழுதித் தொங்கவிட்டது 1880களில் ஊட்டி கிளப்பில். ஸ்நூக்கர் என்ற சொல் இங்கிலாந்தின் ராணுவப் பள்ளியில் முதலாண்டுப் பையன்களைக் கிண்டல் செய்தது. எளிதான பந்தை விட்ட ஒருவரை அப்படி அழைக்க, ஆட்டத்துக்கே பெயராகிவிட்டது.

அடகுக்கடையை ஆங்கிலத்தில் பான் என்கிறார்களே, செஸ்ஸில் வரும் பானும் அதுவா? நான் அரசு ஆபீஸில் பியூனாக இருந்து ஓய்வு பெற்றவன். (கூடலூர்)

அடகு பான் தனிச்சொல், ஐயா. செஸ் பான் லத்தீனில் காலால் நடப்பவர், அதாவது காலாள். ஆனால் கேள்வியிலேயே அதன் உடன்பிறப்பைக் கொண்டுவந்துவிட்டீர்கள்: அதே லத்தீன் சொல்தான் போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்து பியூன் ஆனது. போர்ச்சுகலில் செஸ் காலாளுக்கு இன்றும் அதே பெயர்தான்.