சாப்பிட உட்கார்ந்த 10 நிமிடத்துக்கு மெமோ: என்ன பதில் எழுதுவது?

கேள்வி: சார், நான் கொங்குப் பகுதியில் 120 படுக்கைகள் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். வேலைக்குச் சேர்ந்து 6 வருடம் ஆகிறது. 12 மணி நேர ட்யூட்டி, நைட் என்றால் இரவு 8 முதல் காலை 8 வரை. எங்கள் வார்டில் 22 நோயாளிகளுக்கு இரவில் நாங்கள் இரண்டு பேர். போன வாரம் ஒருநாள் என்னோடு இருந்த சிஸ்டரை ஐசியூவுக்கு அனுப்பிவிட்டார்கள். அதிகாலை 3 மணிக்குத்தான் டிபன் பாக்ஸைத் திறந்தேன், 10 நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் ஒருவருக்கு டிரிப் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறிவிட்டது. உடனே சரிசெய்துவிட்டேன், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவருடைய அட்டெண்டர் சத்தம் போட்டுவிட்டார். காலையில், பணியிடத்தை விட்டு அகன்றதற்கு 48 மணி நேரத்தில் விளக்கம் தரச் சொல்லி மெமோ. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் இத்துடன் விட்டுவிடுகிறோம் என்கிறார்கள். எனக்கு 11 மாதக் குழந்தை இருக்கிறது, வேலை போனால் கஷ்டம். சாப்பிடப் போனது அவ்வளவு பெரிய தப்பா?

பதில்: தப்பு இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று, அந்த மன்னிப்புக் கடிதத்தை எழுதாதீர்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம், இருந்தாலும் வேண்டாம். அந்தக் கடிதம் உங்கள் ஃபைலில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாளைக்கு அந்த நோயாளியின் குடும்பம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலோ, ஆறு மாதம் கழித்து வேறு ஏதோ காரணத்துக்காக உங்களை வெளியே அனுப்ப நினைத்தாலோ, முதலில் வெளியே வருவது அதுதான்: "தவறு என்னுடையது என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார், பாருங்கள்." அன்றைக்கு வார்டில் ஒரே ஒரு நர்ஸை விட்டது யார் என்ற கேள்வி அதோடு காணாமல் போய்விடும்.

மெமோவுக்குப் பதில் கட்டாயம் கொடுங்கள், 48 மணி நேரத்துக்குள். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கோபம், குற்றச்சாட்டு, "ஆறு வருடமாக உழைத்தேன்" எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நேரத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் எழுதுங்கள். ஏறக்குறைய இப்படி: "அன்று இரவு வார்டில் 22 நோயாளிகள் இருந்தனர். உடன் பணியில் இருந்த செவிலியர் இத்தனை மணிக்கு ஐசியூவுக்கு மாற்றப்பட்டார். மாற்றாக யாரும் அனுப்பப்படவில்லை. 8 மணிக்குப் பணியேற்ற நான் 7 மணி நேரம் கழித்து, வார்டுக்குள்ளேயே உணவு உண்டேன். பணியிடத்தை விட்டு வெளியே செல்லவில்லை. டிரிப் தீர்ந்தது தெரிந்தவுடன் கவனித்தேன், நோயாளிக்குப் பாதிப்பு இல்லை, நர்ஸஸ் நோட்ஸில் பதிவு உள்ளது. இனி உணவு இடைவேளைக்கு மாற்றுச் செவிலியர் ஏற்பாடு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்." கடைசி வரி முக்கியம், விட்டுவிடாதீர்கள். எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்று நீங்கள் எனக்கு எழுதவில்லை. வார்டுக்கு வெளியே என்றால் அதையும் உள்ளபடி எழுதுங்கள், அங்கே கேமரா இருக்கும். பதிலின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள், போட மறுத்தால் அன்றைக்கே ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள்.

ஆதாரத்துக்காக கேஸ் ஷீட்டை போனில் படம் எடுத்து வைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அது நோயாளியின் அந்தரங்கம், அதையே வைத்து உங்கள் மேல் இன்னொரு மெமோ வரும். ட்யூட்டி ரோஸ்டரைப் படம் எடுங்கள், உங்கள் பஞ்ச் நேரத்தைக் குறித்து வையுங்கள், அது போதும்.

உங்கள் தரப்பில் ஒரு பலவீனம் இருக்கிறது. சாப்பிட உட்காரும் முன் நைட் சூப்பர்வைசரிடமோ ட்யூட்டி டாக்டரிடமோ சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. சொல்லியிருந்தால் நேரத்தோடு பதிலில் சேர்த்துவிடுங்கள். சொல்லவில்லை என்றால் சொன்னதாக எழுதாதீர்கள், ஒரு போன் ரெக்கார்டில் பொய் வெளியே வந்துவிடும். சாப்பிடுவது உங்கள் உரிமை, ஆனால் யாரிடமும் சொல்லாமல் நோயாளியை விட்டுப் போகும் உரிமை யாருக்கும் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஹேண்ட் ஓவர், அதாவது நோயாளிகளின் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைப்பது. ஹேண்ட் ஓவர் வாங்க ஓர் ஆளைத் தர வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு. வாசலில் நிற்கும் செக்யூரிட்டி டீ குடிக்கப் போனால் இன்னொருவர் வந்து நிற்கிறார், 22 உயிர்களுக்கு மட்டும் அப்படி ஆள் கிடையாதா?

இனி சட்டம். வெகுகாலமாக இதில் ஓர் அநியாயம் இருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று தெளிவாகவே சொன்னது. ஆனால் மருத்துவமனை தொழிற்சாலை இல்லையே! நூல் மில்லில் நிற்கிற பெண்ணுக்கு எழுத்தில் இருந்த அரை மணி நேரம் ஊசி போடுகிற பெண்ணுக்கு அந்தச் சட்டத்தில் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதில் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். நாளொன்றுக்கு 8 மணி நேரம், இடைவேளை எவ்வளவு என்பதை அரசு வகுக்க வேண்டும், 8 மணி நேரத்துக்கு மேல் என்றால் தொழிலாளியின் சம்மதம் வேண்டும், கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் என்கிறது அது. நின்றபடி வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. துணிக்கடைப் பெண்களை மனதில் வைத்துத் தமிழ்நாடு 2021லேயே கடைச் சட்டத்தில் இதைச் சேர்த்தது ஞாபகம் இருக்கும். நர்ஸிங் ஸ்டேஷனில் ஒரே நாற்காலி, அதுவும் டாக்டர் வந்தால் காலி செய்ய வேண்டியது என்கிற நிலைமை இன்னும் பல இடங்களில் இருக்கிறது.

உங்கள் மருத்துவமனை ஒரு அறக்கட்டளை நடத்துவது என்றால், தர்ம ஸ்தாபனம் என்று சொல்லி இந்தத் தொகுப்பிலிருந்து நழுவப் பார்ப்பார்கள், ஏனென்றால் தொண்டு நிறுவனங்களுக்கு அதில் விலக்கு உண்டு. பில் போட்டுப் பணம் வாங்கும் இடம் எவ்வளவு தூரம் தர்மம் என்பது வாதாட வேண்டிய விஷயம். பணி நியமன ஆணையின் மேல் என்ன பெயர் அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள்.

பணக் கணக்கு ஒன்று சொல்கிறேன், நிர்வாகத்துக்கு அதுதான் சீக்கிரம் புரியும். 12 மணி நேர ட்யூட்டியில் இடைவேளையே கிடைக்கவில்லை என்றால் 12 மணி நேரமும் வேலை நேரம், அதாவது நாளுக்கு 4 மணி நேரம் ஓவர்டைம். மாதம் 26 ட்யூட்டி என்றால் 104 மணி நேரம். இரட்டிப்பு என்னும்போது 208 மணி நேரச் சம்பளம், அதாவது 8 மணி நேரக் கணக்கில் இன்னொரு 26 நாள் சம்பளம்! "சம்பளத்திலேயே 12 மணி நேரமும் அடக்கம்" என்று பதில் வரும், அதனால் உங்கள் நியமன ஆணையில் வேலை நேரம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் இந்தத் தொகை கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 2019 ஊதியத் தொகுப்பின்படி இப்படிப்பட்ட கோரிக்கையை 3 வருடத்துக்குள் எழுப்பலாம், சம்பளம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் சுமை முதலாளியின் தலையில். கூட இருப்பவர்களில் யாருக்காவது சம்பளத்தை ஏற்றாமல் "இன்சார்ஜ்" பட்டம் மட்டும் கொடுத்தால், கொஞ்சம் யோசித்து வாங்கச் சொல்லுங்கள். மேற்பார்வை வேலை, 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் என்று ஆகிவிட்டால் "நீங்கள் தொழிலாளியே இல்லை" என்ற வாதம் எழும்.

குழந்தைக்கு 11 மாதம் என்கிறீர்கள். வழக்கமான ஓய்வு இடைவேளை போக, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளை தாய்க்கு உண்டு. இது மகப்பேறு சட்டத்தில் பல காலமாக இருந்தது, இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும். நைட் ட்யூட்டியில் குழந்தை வீட்டில் அம்மாவிடம் தூங்கிக்கொண்டிருக்கும், சரி. அந்த இரண்டு இடைவேளையையும் பால் எடுத்து வைப்பதற்கான நேரமாகவும் ஒரு தனி அறையாகவும் கேளுங்கள், தனிக் கடிதமாக, மெமோ பதிலோடு கலக்காமல். மார்பு கட்டிக்கொண்டு வலியோடு ஊசி மருந்து கலக்கும் நர்ஸிடம் அளவு தவறினால் அது யாருக்கு நல்லது?

போலீஸ், கேஸ் என்ற பயத்துக்கு இப்போது இடமே இல்லை. உங்கள் நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: அஜாக்கிரதையால் மரணம் என்றால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் பதிவு பெற்ற மருத்துவருக்கு அதிகபட்சம் 2 வருடம். நர்ஸ் அந்த விளக்கத்துக்குள் வரமாட்டார், அவருக்கு 5 வருடம் வரை போகலாம். டாக்டர் சொன்னதைச் செய்பவருக்கு டாக்டரைவிட அதிகம்! எனக்கு இது சரியாகப் படவில்லை, ஆனால் இன்றைய சட்டம் இதுதான், அதனால்தான் எழுதி வையுங்கள், எழுதி வையுங்கள் என்று அடித்துக்கொள்கிறேன். நஷ்ட ஈடு என்று வந்தால் மருத்துவமனை விலகிக்கொள்ள முடியாது. ஒரு குழந்தைக்கு நர்ஸ் தவறாகப் போட்ட ஊசி பற்றிய வழக்கில் 1998லேயே உச்ச நீதிமன்றம் மருத்துவமனையைத்தான் பொறுப்பாக்கியது.

புகார் என்று போனால், வேலை நேரத்துக்கும் சம்பளத்துக்கும் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகம். வார்டில் ஆள் பற்றாக்குறை நோயாளிகளைப் பாதிக்கிறது என்றால் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், உங்கள் மருத்துவமனையின் பதிவு அவர் கையில். தனியார் நர்ஸ்கள் பற்றி 2016ல் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அமைத்த மத்தியக் குழு, 100 முதல் 200 படுக்கை உள்ள இடங்களில் சம்பளம் அரசு நர்ஸைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, வேலை நேரமும் விடுப்பும் அரசு ஊழியர்களுக்கு இணையாக வேண்டும் என்றது. அது பரிந்துரைதான், அதை வைத்து மட்டும் வழக்கு ஜெயிக்காது, ஆனால் மனுவில் ஒரு பத்தியாகச் சேர்க்கலாம்.

எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் சி.எல். (தற்செயல் விடுப்பு) போடலாம் என்று வாட்ஸ்அப்பில் யாராவது கிளப்பினால் அவசரப்பட்டு கையைத் தூக்காதீர்கள். புதிய தொழிலுறவுத் தொகுப்பில், பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து எடுக்கும் விடுப்பும் வேலைநிறுத்தம்தான், 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் செய்தால் சட்டவிரோதம். ஐந்தாறு பேர் கையெழுத்திட்ட ஒரு மனு அதைவிட நன்றாக வேலை செய்யும்.

அடுத்த நைட் ட்யூட்டிக்கு ஒன்று செய்யுங்கள். ஒரு மணி வாக்கில் சூப்பர்வைசருக்கு இன்டர்காமில் பேசி, சாப்பிட வேண்டும், ஆள் அனுப்புங்கள் என்று கேளுங்கள். ரிப்போர்ட் புத்தகத்தில் "1.05 – உணவு இடைவேளைக்கு ரிலீவர் கேட்கப்பட்டது" என்று எழுதுங்கள். யாரும் வராவிட்டால் அதற்குக் கீழேயே "1.40 – வரவில்லை". எந்தெந்த டிரிப் எப்போது தீரும் என்று பார்த்து, தீரப்போவதை மாற்றிவிட்டு, வார்டுக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள், தண்ணீரும் குடியுங்கள். மெமோவையும் நியமன ஆணையையும் எனக்கு அனுப்பி வையுங்கள், பதிலைக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.