டிஸ்க்கை மாற்றினோம், டிரைவ்களையே காணோம்!

கேள்வி: காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை மொத்த வியாபாரம் செய்கிறோம். கடை கல்லுக்கட்டிப் பக்கம், கணக்கு வேலை எல்லாம் வீட்டில். அப்பச்சி காலத்துப் பேரேடுகள் அடுக்கியிருந்த இரண்டாம் கட்டு அறையில்தான் இப்போது சர்வர் இருக்கிறது. டவர் மாடல், விண்டோஸ் சர்வர் 2016. மொத்தம் நான்கு டிஸ்க். மேலே உள்ள இரண்டில் சி டிரைவ், கீழே உள்ள இரண்டில் டி, இ டிரைவ்கள் என்று வாங்கும்போது சொன்னார்கள். டி-யில் டேலி, இ-யில் டிசைன் படங்களும் ஸ்கேன் செய்த பில்களும். கீழே ஒரு டிஸ்க்கில் ஆரஞ்சு விளக்கு எரிந்ததால் டெக்னீஷியனை வரச் சொன்னோம். சர்வரை அணைத்து, உள்ளே தூசியெல்லாம் ஊதிவிட்டு, பழைய டிஸ்க்கை எடுத்துப் புதிதாக ஒரு 2 டிபி டிஸ்க் போட்டார். ஆன் செய்தபோது கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் என்னவோ வந்தது. ஏதோ ஒரு கீயைத் தட்டி அதைத் தாண்டிவிட்டார். இப்போது சி வருகிறது, டி-யும் இ-யும் இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால் ஒரு டிஸ்க்கை "இனிஷியலைஸ்" செய்யவா என்று கேட்கிறது. ஓகே கொடுக்கலாமா? கடைசியாக பேக்கப் எடுத்து ஒரு மாதம் ஆகியிருக்கும்.
(வாசகி, காரைக்குடி)

பதில்: கொடுக்க வேண்டாம். கேன்சல் செய்துவிட்டு அந்த ஜன்னலை மூடுங்கள்.

இனிஷியலைஸ் என்பது டிஸ்க்கின் முகப்பில் இருக்கும் பகுப்பு அட்டவணையை, அதாவது எந்த டிரைவ் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பை, புதிதாக எழுதுவது. அதோடு எல்லாம் அழிந்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு அடுத்த படியாக "நியூ வால்யூம்" என்று கேட்கும், அதற்கு அடுத்து ஃபார்மேட். பதற்றத்தில் இருப்பவர்கள் மூன்றுக்கும் ஓகே கொடுத்துவிட்டுத்தான் டேட்டா ரெக்கவரிக்காரரைத் தேடுவார்கள். நீங்கள் முதல் படியிலேயே நின்று கேட்டிருக்கிறீர்கள், ரொம்ப நல்லது.

கடையில் பில் போடுபவர்களுக்கும் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். டி டிரைவ் இல்லாதபோது டேலியைத் திறந்தால் கம்பெனிப் பட்டியல் காலியாக இருக்கும். "சரி, இப்போதைக்கு அதே பெயரில் ஒரு கம்பெனி கிரியேட் பண்ணிப் போட்டுக்கொள்வோம்" என்று யாராவது ஆரம்பித்துவிட்டால், டிரைவ் திரும்பி வந்த பிறகு ஒரே பெயரில் இரண்டு கணக்கு நிற்கும். இரண்டையும் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். டிரைவ் வரும்வரை கையால் பில் எழுதட்டும். ஜிஎஸ்டி விதியில் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை எண்களுக்கு இடமுண்டு. கைப்பில்லுக்குத் தனி வரிசை வைத்துக்கொண்டு பிறகு டேலியில் ஏற்றிக்கொள்ளலாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். உங்கள் கீழ் இரண்டு டிஸ்க்கும் பெரும்பாலும் ரெய்டு 1, அதாவது மிர்ரர் முறையில் இருக்கும். ஒரே வரவு செலவை இரண்டு பேரேட்டில் எழுதி வைப்பது போல. ஒன்று கெட்டால் மற்றது இருக்கிறது, வேலை நிற்காது. அப்படியானால் ஒன்றைக் கழற்றிப் புதிது போட்ட பிறகும் டி, இ இரண்டும் வந்திருக்க வேண்டும். புது டிஸ்க் காலியாகவே இருந்தாலும், ஏன், அதைப் போடாமலே விட்டிருந்தாலும் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் சிக்கல் புது டிஸ்க்கில் இல்லை. அதன் பக்கத்தில் இருந்த நல்ல டிஸ்க்கைத்தான் சர்வர் பார்க்கவில்லை. எல்லோரும் புது டிஸ்க்கையே சுற்றிச் சுற்றி வருவார்கள். நீங்கள் தேட வேண்டியது அதன் ஜோடியை.

ஆனால் அது மிர்ரர்தானா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். டி-யும் இ-யும் சேர்ந்து எவ்வளவு காட்டும் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? 2 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 1863 ஜிபி என்றுதான் காட்டும். இரண்டும் சேர்த்து அந்த அளவு என்றால் மிர்ரர். 3726 ஜிபி அளவுக்கு இருந்தது என்றால், இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாகக் கோத்து எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதில் ஒன்றை எடுத்தாலே இரண்டு டிரைவும் போய்விடும். அப்படி என்றால் சர்வரை அணைத்து, எடுத்த டிஸ்க்கை அதே இடத்தில் திரும்பப் போடுங்கள். அது மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே டேட்டாவை நகல் எடுத்துவிட வேண்டும்.

மிர்ரர்தான் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த "நாட் இனிஷியலைஸ்டு" டிஸ்க்கின் இடப்பக்கச் சாம்பல் நிறப் பெட்டியில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் பாருங்கள். பார்ப்பதால் எதுவும் எழுதப்படாது. அங்கே வரும் பெயர்தான் முக்கியம். "பெர்க்", "எல்எஸ்ஐ", "லாஜிகல் வால்யூம்" என்பது போல வந்தால் அது ரெய்டு கன்ட்ரோலர் (டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் பகுதி) காட்டும் கூட்டு டிஸ்க். புது டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள மாடல் எண்ணே அங்கும் வந்தால், விண்டோஸ் அந்தப் புது டிஸ்க்கை நேரடியாகப் பார்க்கிறது. அது காலி டிஸ்க், கேட்கத்தான் செய்யும். உங்கள் டேட்டாவுக்கும் அந்தக் கேள்விக்கும் சம்பந்தமே இல்லை. சந்தேகம் இருந்தால் சீரியல் எண்ணையும் லேபிளோடு ஒத்துப் பாருங்கள்.

சரி, அந்த ஜோடி எங்கே போயிருக்கும்? உங்கள் கடிதத்திலேயே மூன்று தடயம் இருக்கிறது.

ஒன்று, தூசி ஊதியது. முற்றம் வைத்த வீட்டில் தூசிக்குப் பஞ்சமில்லை, ஊதியது தப்பும் இல்லை. ஆனால் புளோயரின் வேகத்திலும், கேபிளைத் தள்ளிவிட்டு டிஸ்க்கை உருவும்போதும், பக்கத்து டிஸ்க்கின் சாட்டா கேபிள் அரை மில்லிமீட்டர் வெளியே வந்தாலே போதும். பார்வைக்கு மாட்டியிருப்பது போலவே தெரியும். சர்வரை அணைத்து, பவர் கார்டையும் உருவிவிட்டு, கீழே உள்ள இரண்டு டிஸ்க்குக்கும் டேட்டா கேபிள், பவர் கேபிள் இரண்டையும் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டுங்கள். முன்பக்கம் தட்டுபோல இழுத்து எடுக்கும் வகை என்றால், தட்டை முழுக்க வெளியே இழுத்து, கொக்கி "க்ளிக்" என்று விழும்வரை உள்ளே தள்ளுங்கள். எது எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில். பாதி கேஸ் இங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, எடுத்த டிஸ்க் எது என்பது. ஆரஞ்சு விளக்கு எந்தத் தட்டில் எரிந்தது என்று யாராவது குறித்து வைத்தார்களா? சர்வரை அணைத்ததும் விளக்கும் அணைந்துவிடும். அப்புறம் நினைவை நம்பித்தான் உருவ வேண்டும். சில கம்பெனி சர்வர்களில் தட்டுகளை 0 என்று தொடங்கி எண்ணுவார்கள், சிலவற்றில் 1 என்று. "டிஸ்க் 3 ஃபெயில்" என்று செய்தி வந்தால் ஒருவருக்கு அது மூன்றாவது தட்டு, இன்னொருவருக்கு நான்காவது. நல்லதை உருவிவிட்டுக் கெட்டதை உள்ளே விடுவது இந்தத் தொழிலில் ரொம்ப சகஜம். மேசையில் கிடக்கும் பழைய டிஸ்க்கின் மேல் "எடுத்தது, இன்ன தட்டு, இன்ன தேதி" என்று எழுதி ஒட்டி, பத்திரமாக வையுங்கள். உங்கள் டேட்டா முழுக்க இப்போது அதில்தான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய சாமானுக்குக் கிடைக்கும் மரியாதை இதற்கும் கிடைக்கட்டும்.

(ஹாட்ஸ்வாப் வசதி உள்ள சர்வர் என்றால் அணைத்துவிட்டு மாற்றுவதை நான் விரும்புவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றினால் விளக்கைப் பார்த்தே உருவலாம். எது போனது, எது வந்தது என்று கன்ட்ரோலருக்கும் தெரியும்.)

மூன்றாவது, கீ தட்டித் தாண்டிய அந்தக் கறுப்புத் திரை. எனக்கு அதன் மேல்தான் அதிகச் சந்தேகம். டெல் சர்வர்களில் "ஃபாரின் கான்ஃபிகரேஷன்" என்று ஒரு செய்தி வரும். டிஸ்க்கில் எழுதியிருக்கும் ரெய்டு விவரம் தன் பட்டியலில் இல்லை என்று கன்ட்ரோலர் சொல்கிறது என்று அர்த்தம். ஏதாவது கீயைத் தட்டினால் அப்படியே தொடரும், எஃப் தட்டினால் இம்போர்ட் செய்யும் (அந்த விவரத்தை ஏற்றுக்கொள்ளும்), சி தட்டினால் செட்டிங்ஸ் திறக்கும் என்று கேட்கும். எச்பி ஸ்மார்ட் அரே கன்ட்ரோலர் என்றால், டிஸ்க் குறைகிறது என்று சொல்லிவிட்டு, எஃப்1 தட்டினால் லாஜிகல் டிரைவை (கூட்டு டிஸ்க்கை) முடக்கிவிட்டுத் தொடரும், எஃப்2 தட்டினால் டேட்டா இழப்பை ஏற்றுக்கொண்டு மறுபடி இயக்கும் என்று கேட்கும். எஃப்1 தட்டியிருந்தால் சி மட்டும் வந்து டி, இ வராமல் இருப்பது கணக்காகப் பொருந்துகிறது. அவசரப்பட்டு எஃப்2-வுக்குப் போக வேண்டாம். அணைத்து, கேபிளையும் தட்டையும் சரிபார்த்து, மறுபடி ஆன் செய்யுங்கள். இந்த முறை யாரும் கீபோர்டைத் தொடாமல் அந்தத் திரையை மொபைலில் படம் எடுங்கள்.

அடுத்து கன்ட்ரோலரின் செட்டிங்ஸுக்குள் போய் டிஸ்க் பட்டியலைப் பார்க்க வேண்டும். பழைய பாணி சர்வர்களில் டெல்லுக்கு கன்ட்ரோல்-ஆர், எல்எஸ்ஐ கார்டுக்கு கன்ட்ரோல்-எச், மதர்போர்டிலேயே உள்ள இன்டெல் ரெய்டுக்கு கன்ட்ரோல்-ஐ. அங்கே நான்கு டிஸ்க்கும் தெரிகிறதா? தெரியாத டிஸ்க் கேபிளால் வரவில்லை அல்லது செத்துவிட்டது. நான்கும் தெரிந்து, கீழே உள்ள ஒன்றின் பக்கத்தில் "ஃபாரின்" என்று இருந்தால், அதன் சீரியல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய டிஸ்க் என்றால் இம்போர்ட். புதிதாக வாங்கிய டிஸ்க்கே ஃபாரின் என்று வந்தால், வேறு ஏதோ சர்வரில் ஓடிய டிஸ்க்கைப் புதிது என்று விற்றிருக்கிறார்கள். அதற்கு மட்டும் கிளியர், அதாவது டிஸ்க்கில் உள்ள ரெய்டு விவரத்தை அழிப்பது. எதன் மேல் "ஃபாரின்" எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கிளியர் கொடுக்காதீர்கள். இனிஷியலைஸை விட எனக்கு அந்தப் பொத்தான் மேல்தான் பயம்.

இன்டெல் ரெய்டு என்றால் இன்னொரு விஷயம். பவர் கார்டை உருவி வைத்திருந்த நேரத்தில், மதர்போர்டில் உள்ள நாணய அளவு பேட்டரி தீர்ந்திருந்தால், பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்ஸ்) பழைய நிலைக்குப் போய்விடும். சாட்டா முறை ரெய்டிலிருந்து, டிஸ்க்குகளைத் தனித்தனியாகவே பார்க்கும் ஏஎச்சிஐ என்று மாறியிருக்கும். சர்வரின் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தால் அதுதான் அடையாளம். பொதுவாக விண்டோஸே கிளம்பாது, ஆனால் சி வேறு கன்ட்ரோலரில் இருந்தால் உங்களுக்கு நடந்தது போல நடக்கலாம். பயாஸில் மறுபடி ரெய்டு என்று மாற்றி, சிஆர்2032 பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டால் சரி.

கன்ட்ரோலர் பட்டியலில் எல்லாம் நலமாக இருந்து விண்டோஸில் மட்டும் டிரைவ் இல்லை என்றால் வேலை சுலபம். டிஸ்க் "ஆஃப்லைன்" என்று இருந்தால் ரைட் கிளிக், ஆன்லைன். டிஸ்க் இருக்கிறது, எழுத்து மட்டும் இல்லை என்றால், பேக்கப்புக்குச் செருகிய யுஎஸ்பி டிஸ்க் டி என்ற எழுத்தைப் பிடித்திருக்கலாம். அதைக் கழற்றிவிட்டு எழுத்தைத் திரும்பக் கொடுங்கள்.

டி வந்துவிட்டது என்று வையுங்கள். உடனே பில் போடச் சொல்லாதீர்கள். டேலியில் கம்பெனியைத் திறந்து கடைசி வவுச்சரின் தேதியைப் பாருங்கள். டிஸ்க் மாற்றிய அன்றோ, முந்தின நாளோ இருந்தால் சரி. பல வாரத்துக்கு முந்தைய தேதியில் நின்றால், கெட்டுப்போய் மிர்ரரிலிருந்து எப்போதோ விலகிய டிஸ்க்தான் இப்போது எழுந்து வந்திருக்கிறது. அந்த நாளுக்குப் பிறகு யாரும் எழுதாத பேரேடு அது. அதை வைத்து ரீபில்ட் (இருக்கும் டிஸ்க்கைப் பார்த்துப் புது டிஸ்க்கில் எழுதுவது) தொடங்கினால் பழைய கணக்கு புது டிஸ்க்கிலும் ஏறிவிடும். சர்வரை அணைத்துவிட்டு, மேசையில் எடுத்து வைத்த டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள்.

தேதி சரியாக இருந்தால் முதலில் டேலி ஃபோல்டரை யுஎஸ்பி டிஸ்க்குக்கு நகல் எடுங்கள், பிறகு இ-யில் உள்ளவற்றை. ரீபில்ட் அதற்கு அப்புறம்தான். சில கன்ட்ரோலர்கள் கேட்காமலே ரீபில்ட் தொடங்கிவிடும். அப்படியானாலும் டேலி நகலை உடனே எடுத்துவிடுங்கள், அது சிறியதுதான். ஏன் இந்த அவசரம் என்றால், ரீபில்டின்போது மிச்சமுள்ள ஒரே நல்ல டிஸ்க்கை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்க வேண்டியிருக்கும். அது கெட்ட டிஸ்க்கோடு ஒரே நாளில் வாங்கியது, அதே வயது. வினாடிக்கு 150 எம்பி வேகத்தில் போனாலும் 2 டிபிக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம். ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தால் இன்னும் இழுக்கும். கடை மூடிய பிறகு விடுங்கள், யுபிஎஸ் பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.

ரீபில்ட் தொடங்க மறுத்தால் புது டிஸ்க்கின் மேல் பார்வையைத் திருப்பலாம். பழையதை விட ஒரு துளி சிறியதாக இருந்தாலும் பல கன்ட்ரோலர்கள் ஏற்காது. டெஸ்க்டாப் வகை டிஸ்க் என்றால் இப்போது ஏற்றுக்கொண்டு, பிறகு ஒரு பிழையைச் சரிசெய்ய நெடுநேரம் முனகும். கன்ட்ரோலர் பொறுமை இழந்து அதை வெளியே தள்ளிவிடும். ரெய்டுக்கான டிஸ்க்குகள் சுமார் ஏழு வினாடியில் கைவிட்டு விஷயத்தைக் கன்ட்ரோலரிடம் சொல்லிவிடும். விலை வித்தியாசம் அதற்குத்தான்.

ஒருவேளை எந்த டிஸ்க்கைப் போட்டாலும் "டக், டக்" என்று தாளம் போடும் சத்தம் மட்டுமே வருகிறது என்றால், மேலே சொன்ன எதையும் முயலாமல் இரண்டு பழைய டிஸ்க்கையும் சேர்த்து டேட்டா ரெக்கவரிக்காரரிடம் கொடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கிடைக்கக்கூடியது குறையும்.

கடைசியாக ஒன்று. சர்வரில் டி வந்த பிறகும் கல்லுக்கட்டிக் கடைக் கம்ப்யூட்டரிலோ வீட்டு ஆபீஸிலோ ஷேர் ஃபோல்டர் திறக்காமல் போகலாம். டிரைவ் இல்லாமல் சர்வர் எழுந்தபோது, அந்த ஃபோல்டரைக் காணோம் என்று ஷேரைக் கைவிட்டிருக்கும். ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில்) 2511 என்ற எண்ணில் அதைப் பதிவும் செய்திருக்கும். ஷேரின் விவரம் ரெஜிஸ்ட்ரியில் அப்படியே இருப்பதால் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. சர்வீசஸ் பட்டியலில் "சர்வர்" என்ற சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தாலோ, சர்வரை ஒருமுறை ரீபூட் செய்தாலோ பழைய பெயரிலேயே வந்துவிடும்.