பிழைத்த மாடு பதினைந்தாம் நாள் ஏன் விழுகிறது? பாஸ்பரஸ் மருந்தும் கால்முடக்கமும்: கேள்வி பதில்

பதில்கள்: கால்நடை நச்சியல் மருத்துவர்

கேள்வி (எருமை வளர்ப்பவர்): டாக்டர், மருந்தடித்த வயலில் எருமை மேய்ந்துவிட்டது. நுரை தள்ளி விழுந்தது. அட்ரோபின் என்ற விஷமுறிவு ஊசி போட்டு இரண்டே நாளில் தேறிவிட்டது. இப்போது பதினைந்தாம் நாள், பின்னங்கால் பின்னுகிறது, குளம்பு முனை தரையில் இழுபடுகிறது. விஷம் இன்னும் உள்ளே இருக்கிறதா? மறுபடி அட்ரோபின் போடலாமா?

பதில்: போடாதீர்கள். அட்ரோபின் அடக்குவது நுரை, வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல் ஆகியவற்றை. அவை இப்போது இல்லையே. இன்று போட்டால் இரைப்பை அசைவு நின்று வயிறு உப்பும், அவ்வளவுதான். பிராலிடாக்சிம் என்ற இன்னொரு விஷமுறிவு மருந்தும் இந்த நேரத்தில் பயன்படாது.

இது பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தால் (ஆர்கனோபாஸ்பேட்) தாமதமாக வரும் நரம்புச் சிதைவாக இருக்கலாம். முதல் நாள் அறிகுறிகள் அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் என்ற நொதி முடங்கியதால் வந்தவை. இது வேறொரு நொதியால் வருவது. பெரும்பாலும் 8 முதல் 21 நாளுக்குள் தலைகாட்டும், மாடு எருமையில் இன்னும் சில நாள் தள்ளிப்போகலாம். இரண்டு பின்னங்கால்களிலும் ஒரே மாதிரி தொடங்கும். தீனி எடுப்பதும் நினைவும் சரியாகவே இருக்கும்.

ஆனால் அதற்கு முன் ஒன்று. பின்னங்கால் தள்ளாட்டத்தோடு எச்சில் ஒழுகினாலோ, குரல் மாறினாலோ வெறிநோயை ஒதுக்கும்வரை வாயில் கை விடாதீர்கள். குரல் மாற்றத்தை வைத்து மட்டும் முடிவுக்கும் வராதீர்கள். குரல்வளைக்குப் போகும் நீண்ட நரம்பும் இந்த விஷத்தால் பாதிக்கப்படலாம்.

கேள்வி (கால்நடை மருத்துவ மாணவர்): சார், அந்த இன்னொரு நொதி எது? விஷம் உடம்பை விட்டுப் போன பிறகு நரம்பு ஏன் கெடுகிறது?

பதில்: என்.டி.இ., அதாவது நரம்புநோய் இலக்கு எஸ்டரேஸ். இரண்டு படிகள் நடக்க வேண்டும். முதலில், பாஸ்பரஸ் மூலக்கூறு அந்த நொதியில் ஒட்டி அதன் செயலில் 70 சதவீதத்துக்கு மேல் முடக்க வேண்டும். பிறகு ஒட்டிய மூலக்கூறிலிருந்து ஒரு பக்கக் கிளை கழன்று, மின்னேற்றம் கொண்ட மிச்சம் நொதியிலேயே தங்கிவிட வேண்டும். இதைத்தான் பாடத்தில் ‘முதிர்தல்’ என்று படித்திருப்பீர்கள். இரண்டும் முதல் ஓரிரு நாளிலேயே முடிந்துவிடும். அதன்பின் நரம்புச் செல்லின் நீண்ட இழையான ஆக்சான் நுனியிலிருந்து மேல்நோக்கி மெல்லச் சிதைகிறது. நீளமான, தடித்த இழைகளுக்கே முதல் அடி. அதனால்தான் பின்னங்கால் முந்துகிறது.

முதிர்தல் எவ்வளவு முக்கியம் என்பதைக் கோழிச் சோதனை காட்டும். பினைல்மெத்தில்சல்ஃபோனைல் ஃபுளோரைடு என்ற வேதிப்பொருள் அதே நொதியில் ஒட்டும், ஆனால் முதிராது. அதை முன்கூட்டிக் கொடுத்தால் கோழி தப்பும். விஷத்துக்குப் பின் கொடுத்தாலோ முடக்கம் இன்னும் மோசமாகும்! ஆகவே இதைச் சிகிச்சையாக நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி (வேளாண் இடுபொருள் கடைக்காரர்): எல்லாப் பாஸ்பரஸ் மருந்திலும் இந்த ஆபத்து உண்டா?

பதில்: இல்லை. பாரத்தியான் கடும் விஷம், ஆனால் இந்த முடக்கத்தைத் தருவதில்லை. மாலத்தியானும் முடக்கம் தருவதில்லை. குளோர்பைரிஃபாஸ் நடுவில் நிற்கிறது: கொல்லும் அளவைத் தாண்டி உள்ளே போய், அட்ரோபினால் உயிர் பிழைத்த விலங்கில்தான் பெரும்பாலும் முடக்கம் வரும். உயிரைக் காப்பாற்றியதோடு கதை முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது என்பது இதனால்தான். மூன்று வாரம் நடையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னும் மோசமானவை ஆரம்ப அறிகுறியே பெரிதாகக் காட்டாதவை. எகிப்தில் 1971இல் பருத்திக்கு அடித்த லெப்டோஃபாஸ் என்ற பாஸ்பரஸ் பூச்சிமருந்தால் சுமார் 1,300 எருமைகள் முடங்கி மடிந்தன. டிரை-ஆர்த்தோ-கிரெசைல் பாஸ்பேட்டும் அப்படித்தான். அது பூச்சிமருந்தே அல்ல, ஹைட்ராலிக் எண்ணெய், மசகு எண்ணெய், பிளாஸ்டிக் ஆகியவற்றில் சேர்க்கப்பட்டு வந்த பொருள். 1959இல் மொராக்கோவில் விமான எஞ்சின் மசகு எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயால் சுமார் 10,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். மாட்டுக்கு ஈ அண்டாமலிருக்கக் கழிவு எண்ணெய் பூசுகிறவர்களுக்கும், பழைய எண்ணெய் டிரம்மைத் தண்ணீர்த் தொட்டியாக வைப்பவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். தோல் வழியாகவும் ஏறும்.

கேள்வி (செம்மறி வளர்ப்பவர்): ஒரே குடற்புழு மருந்து, ஒரே அளவு. சில ஆடு மட்டும் முடங்குமா?

பதில்: ஹாலாக்சான் என்ற பாஸ்பரஸ் குடற்புழு மருந்தில் அப்படி நடந்திருக்கிறது. அதைச் சிதைக்கும் நொதி சில ஆடுகளின் ரத்தத்தில் பிறவியிலேயே குறைவு. நீங்கள் கொடுத்தது அல்பெண்டசோல் போன்ற பாஸ்பரஸ் சாராத மருந்தென்றால் காரணம் வேறு. குட்டிகளில் தாமிரக் குறைபாட்டையும் பாருங்கள்.

கேள்வி (முட்டைக் கோழிப் பண்ணையாளர், நாமக்கல்): கூண்டுக் கோழிகள் சில கால் மடங்கிக் கிடக்கின்றன. ஷெட்டில் பூச்சிமருந்து அடித்து 12 நாள். இதுதானா?

பதில்: நாள் கணக்கு பொருந்துகிறது, வளர்ந்த கோழி இந்த விஷத்துக்கு மிக எளிதில் ஆளாகும் பறவையும்கூட. ஓ.இ.சி.டி. என்ற சர்வதேச அமைப்பின் 418ஆம் எண் நச்சுச் சோதனை முறையில் எலியை விட்டு 8 முதல் 12 மாதக் கோழியை எடுத்து 21 நாள் கவனிப்பது அதனால்தான். எலி நடையில் எதையும் எளிதில் காட்டாது, குஞ்சுகளும் பெரும்பாலும் தப்பிவிடும்.

கூண்டுக்குள் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெளியே எடுத்து நடக்கவிடுங்கள், சின்ன ஏணியில் ஏற விடுங்கள். ஆரம்பத் தள்ளாட்டம் அப்போதுதான் தெரியும். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும் நீட்டிக் கிடந்தால் மாரெக்ஸ் என்ற வைரஸ் நோய். கழுத்து துவண்டால் பாட்டுலிசம் என்ற பாக்டீரியா நச்சு. எலும்பு மெலிந்து உடைந்தால் கால்சியம் குறைவு. தீவனத்தில் ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்தான சாலினோமைசின் தவறிக் கலந்ததா என்றும் மில்லில் கேளுங்கள்.

கேள்வி (உதவி மருத்துவர்): மாதிரி எப்போது, எதில் எடுப்பது?

பதில்: இங்கேதான் அதிகம் தவறுகிறது. முடக்கம் வந்த நாளில் ரத்தம் எடுத்தால் கோலின்எஸ்டரேஸ் (முதல் நாள் முடங்கிய நொதி) இயல்பாக இருக்கலாம், உடனே ‘விஷமில்லை’ என்று எழுதிவிடுவார்கள். என்.டி.இ.யும் அதற்குள் பெருமளவு மீண்டிருக்கும். முதல் 48 மணி நேரத்திலேயே ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) உள்ள குழாயில் ரத்தம் எடுத்து ஐஸில் வையுங்கள். இரைப்பைப் பொருள், சந்தேகத் தீவனம், மருந்துப் புட்டி மூன்றையும் தனித்தனியாக வையுங்கள்.

இறந்துவிட்டால் முகுளம், தண்டுவடத்தின் கழுத்து, மார்பு, இடுப்புப் பகுதிகள், தொடையின் பின்புறம் இறங்கும் சியாட்டிக் நரம்பு, அதன் கீழ்க்கிளை என எடுங்கள். நரம்பை அட்டையில் நேராகக் கட்டி, பத்து மடங்கு 10 சதவீத ஃபார்மலினில் போடுங்கள். இதை ஃப்ரீசரில் வைத்தால் பனிக்கட்டி இழையைக் கிழித்துவிடும். மேல்பகுதி நரம்பை மட்டும் எடுப்பதும் வீண், சேதம் நுனியில் இருக்கிறது.

கேள்வி (முதலில் கேட்ட எருமைக்காரர்): அப்போ இனி என்னதான் செய்யலாம் டாக்டர்? பி12 ஊசி?

பதில்: மாற்று மருந்து கிடையாது. பி12 கெடுதல் செய்யாது, நம்பிக்கையும் வைக்காதீர்கள். மணல் மேல் கனமாக வைக்கோல் பரப்புங்கள். படுத்துவிட்டால் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் புரட்டுங்கள், தொடைகளைத் தேய்த்துவிடுங்கள். தீனியும் தண்ணீரும் வாய்க்கு எட்டும்படி வையுங்கள். சிறுநீர் போகிறதா என்று தினமும் பாருங்கள். சிமென்ட் தரையில் நிற்க வைக்காதீர்கள், வழுக்கினால் இடுப்பு போய்விடும்.

காலில் உள்ள நரம்பு ஓரளவு மீண்டும் வளரும், தண்டுவடத்தில் போனது திரும்பாது. தள்ளாடியாவது தானே எழுகிற எருமையை வைத்துப் பார்க்கலாம். இரண்டு வாரமாகியும் எழவே முடியாமல் புண் விழுந்தால், உங்கள் மருத்துவரை அழைத்துக் கருணைக்கொலை பற்றிப் பேசுங்கள். எதுவானாலும் இறைச்சிக்கு விற்காதீர்கள்.