மைக்ரோவேவில் கரட் ஓரம் சுருங்கி, நடு வேகாமல் இருந்தால்

மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி வைத்து வேகவிடுங்கள். உப்பு வெந்த பிறகு போதும்.

ஓரம் தோல்போலச் சுருங்குகிறது, நடுவில் கடித்தால் பச்சையாக இருக்கிறது என்றீர்கள். திறந்த தட்டில் வைப்பதுதான் காரணமாக இருக்கும். மைக்ரோவேவ் பெரும்பாலும் காய்க்குள் இருக்கும் தண்ணீரைத்தான் சூடாக்குகிறது. மூடாவிட்டால் ஆவி போய்விடும். காய் வேகாமல் காயும்.

வெட்டும் விதமும் முக்கியம். வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கும் நுவரெலியா கரட் அடி தடித்து, நுனி மெலிந்திருக்கும். அடிப்பக்கத்தை நீளவாக்கில் பிளந்து, எல்லாத் துண்டும் ஒரே பருமனாக வெட்டுங்கள். தட்டின் நடுவை வெறுமையாக விட்டு வட்டமாகப் பரப்பினால் இன்னும் நல்லது.

2 நிமிடத்தில் நிறுத்தி மூடியின் அடியைப் பாருங்கள். நீர்த்துளி கோர்த்திருந்தால் சரி. கிளறிவிட்டு இன்னும் 2 நிமிடம். அப்புறம் திறக்காமல் 2 நிமிடம் அப்படியே விடுங்கள். நடு மென்மையாவது அப்போதுதான். என் 800 வாட் அடுப்பில் 250 கிராம் கரட்டுக்கு இது போதும். உங்களுடையது 700 வாட் என்றால் கொஞ்சம் கூடும்.

மூடியை இறுக்கிப் பூட்ட வேண்டாம். திறக்கும்போது முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறவுங்கள், ஆவி பொல்லாதது.