‘மைனாரிட்டி கோட்டா’வில் சீட் என்கிறார், டி.சி.யைக் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு, நல்ல மதிப்பெண். எந்நேரமும் கடல், மீன், பவளப்பாறை என்றுதான் பேச்சு. எட்டாவது வரை மெட்ரிக் பள்ளியில் ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டப்படியான இலவச) இடத்தில் படித்தாள், அப்புறம் அரசுப் பள்ளி. தொழுகைக்கும் பர்தாவுக்கும் இடைஞ்சல் இல்லாத, எங்களுக்குக் கட்டுப்படியாகிற கல்லூரி வேண்டும். பெங்களூரில் ‘மைனாரிட்டி கோட்டா’வில் நர்சிங் சீட் வாங்கித் தருவதாக ஒருவர் ஒரிஜினல் டி.சி.யும் 20,000 ரூபாய் முன்பணமும் கேட்கிறார். கொடுக்கலாமா? – ஒரு தாய், பெரியபட்டினம்.

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. டி.சி. ஏற்கனவே அவர் கைக்குப் போயிருந்தால் இன்றைக்கே போய் வாங்கி வாருங்கள். மிச்சத்தை வந்து படித்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் முஸ்லிம்களுக்கு உள்ள 3.5 சதவீத ஒதுக்கீடு தமிழக அரசு தருவது. அது மதிப்பெண், கலந்தாய்வு வழியாகக் கிடைக்கும். எந்தப் புரோக்கரின் பையிலும் அது இல்லை. அவர் விற்பது மேனேஜ்மென்ட் சீட், மைனாரிட்டி என்பது அதன் மேல் ஒட்டிய லேபிள். இன்னொன்றையும் கவனியுங்கள். பிள்ளை கடல் என்கிறாள், அவர் நர்சிங் என்கிறார். அவருக்குக் கமிஷன் வருவது அதில்தான். வெளிமாநிலம் போனால், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்குத் தமிழக அரசு தரும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் வராது.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே சொல்லிவிட்டது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். நடைமுறையில் ‘ஹெட் ஆபீஸில் இருக்கிறது, திங்கட்கிழமை வாங்க’ என்பார்கள். போன ஆண்டுக்கு முந்தின ஆண்டு தொண்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் டி.சி. இல்லாமல் ஒரு வருடத்தையே இழந்தான். சுற்றறிக்கை போட்டவர்கள் யாரும் வந்து அவனுக்காகக் கேட்கவில்லை.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். அவளுக்குப் பொருத்தம் பி.எஃப்.எஸ்சி., அதாவது மீன்வளப் படிப்பு, நான்கு ஆண்டு. நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-லிருந்து இருக்கிறது. நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. எந்த இணையதளத்தில் என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பைப் பார்த்துத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கலைக் கல்லூரி விண்ணப்பத்தோடு சேராது.

இங்கேதான் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு வருகிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் மட்டுமல்ல, விடுதிக் கட்டணமும் அரசு பொறுப்பு. ‘ஆறாவது முதல் அரசுப் பள்ளி என்கிறார்களே, இவள் எட்டு வரை மெட்ரிக் ஆயிற்றே’ என்று நீங்கள் ஒதுங்கிவிடக் கூடாது. ஆர்.டி.இ. இடத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் இது உண்டு. புதுமைப் பெண்ணுக்கும் இதே விதிதான். உதவி மையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே சில சமயம் இது தெரியாது, ‘கிடையாதும்மா’ என்று அனுப்பிவிடுவார். நகராதீர்கள். ஆனால் அது உண்மையான ஆர்.டி.இ. இடமாக இருக்க வேண்டும். தாளாளர் தெரிந்தவர், இரக்கப்பட்டுப் பாதிக் கட்டணம் தள்ளுபடி செய்தார் என்றால் அது ஆர்.டி.இ. ஆகாது. 25 சதவீத இடத்தில் அரசு கணக்கில் சேர்ந்தவள் என்று அந்த மெட்ரிக் பள்ளியில் எழுத்தில் சான்று வாங்குங்கள். முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் இருக்கட்டும். கோடை விடுமுறையில் பள்ளி அலுவலகம் பூட்டிக் கிடக்கும், அதனால் தேர்வு முடிந்த கையோடு போங்கள்.

அது கிடைக்காவிட்டால் ராமநாதபுரம் அரசுக் கல்லூரிகளில் விலங்கியல். விண்ணப்பம் 48 ரூபாய், பதிவு 2 ரூபாய், அந்த 50 ரூபாயில் ஐந்து கல்லூரி குறிக்கலாம். கற்பிப்புக் கட்டணம் கிடையாது. டவுன் பஸ்ஸும் பெண்பிள்ளைகளுக்கு இலவசம். பட்டம் முடித்தபின் மேற்படிப்புக்கு அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியிலேயே இருக்கிறது.

நம் சமுதாயக் கல்லூரிதான் வேண்டும் என்றால் கீழக்கரையில் தாசீம் பீவி மகளிர் கல்லூரி 1988-லிருந்து நடக்கிறது. இளையான்குடியில் ஜாகிர் உசேன் கல்லூரியும் இருக்கிறது. ஆனால் சிறுபான்மைக் கல்லூரி என்றால் கட்டணம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே கட்டடத்தில் எய்டட் (அரசு உதவி பெறும்) வகுப்பும் இருக்கும், செல்ஃப் (சுயநிதி) வகுப்பும் இருக்கும். கட்டணம் மலைக்கும் மடுவுக்கும். ‘காலேஜ் எய்டட்தான்’ என்பது பதில் இல்லை. ‘என் மகளுக்குத் தரும் இந்த சீட் எய்டடா, செல்ஃபா?’ என்று கேளுங்கள். மூன்று வருடக் கட்டணத்தையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மார்க்க விஷயத்தில் அரசுக் கல்லூரியைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. பர்தாவோடு பிள்ளைகள் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் எந்தக் கல்வி நிலையமும் சம்மதம் இல்லாமல் ஒருவரை வழிபாட்டில் உட்கார வைக்க முடியாது. அரசியல் சட்டம் 28(3) அது. உண்மையான சிக்கல் விடுதியில்தான். நோன்பு மாதத்தில் சஹருக்கு, அதாவது விடியுமுன் சாப்பிடும் உணவுக்கு, சமையலறை திறப்பார்களா, விடிகாலையில் வெந்நீர் கிடைக்குமா என்பதை வார்டனிடம் கேட்காதீர்கள், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத்துறை விடுதிகளில் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், வருமான வரம்பு உண்டு. வீட்டிலிருந்து 8 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குப் பொருந்தாது.

கடைசியாகப் பெயர். ஆதாரில் பீவி, மார்க் ஷீட்டில் பீபி, வங்கிப் புத்தகத்தில் வேறு ஒன்று என்று இருந்தால் புதுமைப் பெண் 1,000 ரூபாய் மாதக்கணக்கில் எங்கேயாவது தொங்கிக்கொண்டு நிற்கும். இப்போதே ஒரே எழுத்தாக மாற்றிவிடுங்கள். இ-சேவை மையத்துக்குக் காலையிலேயே போங்கள். பதினொரு மணி தாண்டினால் சர்வர் படுத்துவிடும்.