‘அப்புறம் ஒண்ணுமில்ல’

வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். போன மாதம் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், “நாளைக்கு மேல்காட்டுக்கு வேண்டாம் சார்” என்று ஆரம்பித்தார். “ஆளாளுக்கு இடம் கேட்டா நான் என்ன பண்றது?” என்றேன். பேசாமல் போய்விட்டார். அங்கே ஓடைப் பக்கம் காட்டெருமை ஒன்று கன்றோடு நிற்பது, மறுநாள் நான் போனபோதுதான் தெரிந்தது. வீட்டிலும் “உங்களுக்குச் சொன்னா ஏறாது” என்கிறார் மனைவி. ஒரு பயிற்சி வகுப்பில், எதிரில் இருப்பவர் சொன்னதை நம் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். வீட்டில் செய்துபார்த்தேன். “என்ன, கிளி மாதிரி?” என்று சிரித்துவிட்டார். எனக்குக் கேட்கவே வராதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

அந்தத் திருப்பிச் சொல்லும் வித்தையை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். 1957-இல் கார்ல் ரோஜர்ஸ், ரிச்சர்ட் ஃபார்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் எழுதியதில் அதற்கு இடம் உண்டு. உள்ளே அக்கறை இல்லாமல் செய்தால் எதிராளி சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார் என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். வகுப்பு எடுப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை போலிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் நான் நின்ற இடம் வேறு. அந்த அக்கா ஒரு வாக்கியம்தான் சொன்னார். காரணம் இரண்டாவதில் இருந்தது. அதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். இதில் நீங்கள் தனி ஆள் இல்லை. 1984-இல் பெக்மன், ஃபிராங்கல் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவில் மருத்துவரும் நோயாளியும் பேசுவதை ஒலிப்பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடியில் மருத்துவர் குறுக்கே வந்திருந்தார். 1999-இல் இன்னொரு குழு பார்த்தபோது 23 வினாடி. அந்த இரண்டாவது ஆய்வில்தான் எனக்குப் பிடித்த கணக்கு இருக்கிறது: சொல்லி முடிக்க விட்டபோது நோயாளிகள் கூடுதலாக எடுத்துக்கொண்டது சராசரியாக 6 வினாடி. நேரமில்லை, நேரமில்லை என்று நாம் மிச்சம் பிடிப்பது இதைத்தான்.

நானும் ஒழுங்கில்லை. அம்மா தினமும் சாயங்காலம் போன் செய்வார். மழை, பச்சைத் தேயிலை விலை, பக்கத்து வீட்டு மாடு. நான் தட்டச்சு செய்தபடியே “ம்... ம்...” போடுவேன். “அப்புறம் ஒண்ணுமில்ல, வெச்சிடறேன்” என்று முடியும். ஒருநாள் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து, “அத்தை மூணு தடவை ‘ஒண்ணுமில்ல’ன்னாங்க, கவனிச்சீங்களா?” என்றார். திரும்ப அழைத்தேன். மழையில் பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்து இரண்டு நாளாகியிருந்தது. முழங்காலை மடக்க முடியவில்லை. ‘மழை’ என்று அவர் ஆரம்பித்ததே அதைச் சொல்லத்தான். நான்தான் “இங்கேயும் மழைதாம்மா” என்று வாயை அடைத்திருந்தேன்.

நான் குன்னூர்க்காரன், ரயிலைச் சொல்லாமல் விட முடியாது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை மலை ரயிலை எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளிக்கொண்டு ஏறும். ஓட்டுநருக்கு முன்னால் பாதை தெரியாது. முன்பெட்டியின் மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன் காட்டும் பச்சைக் கொடியையும் சிவப்புக் கொடியையும் நம்பித்தான் வண்டி நகரும். எஸ்டேட்டில் தள்ளுகிற வேலை உங்களுடையது. செடிக்கு நடுவில் நிற்பவர் அந்த அக்கா. அன்றைக்கு அவர் காட்டியது சிவப்பு.

அப்புறம் ஒன்று. கொழுந்து எடை போடும் இடத்தில் யாரையும் நிறுத்திப் பேசாதீர்கள். கண்ணெல்லாம் தராசு முள்ளில் இருக்கும், பின்னால் வரிசை நிற்கும். சாயங்காலம் அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பக்கம் இறங்கும்போது கூடவே நடங்கள். முகத்தைப் பார்க்காமல் நடக்கும்போது பேச்சு தானாக வரும்.

முதலில் அந்த அக்காவிடம் போய், “அன்னைக்கு நீங்க சொல்ல வந்ததை நான் முழுசாக் கேக்கலை” என்று சொல்லுங்கள். “அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க சார்” என்பார். உடனே கிளம்பிவிடாதீர்கள்.