தரைச் சூடேற்ற அமைப்பை வீட்டில் நாமே போட முடியுமா? திட்டமிடலை எங்கிருந்து தொடங்குவது? எத்தனை மீட்டர் குழாய் வாங்குவது, எந்த பாய்லர் நல்லது?

தாராளமாக முடியும். நானும் என் மனைவியும் சேர்ந்துதான் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்துக்குப் போட்டோம். தரைக்கு அடியில் வெந்நீர் ஓடும் குழாயை விரிப்பது பொறுமை கேட்கும் வேலையே தவிர, கடினமான வேலை இல்லை. நீங்கள் கேட்டிருப்பது எத்தனை மீட்டர் குழாய் வாங்குவது, எந்த பாய்லர் நல்லது என்று. அவை இரண்டும் கடைசியில் வரவேண்டியவை. கடுங்குளிர் நாளில் ஒவ்வொரு அறையும் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்ற கணக்கை முதலில் போடுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

கணக்கு எளிது. பரப்பளவை யு மதிப்பால் (ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியாகப் போகும் வாட் அளவு) பெருக்கி, அதை உள்ளே வெளியே உள்ள வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்க வேண்டும். உள்ளே 20 டிகிரி, வெளியே மைனஸ் 5 என்றால் வித்தியாசம் 25. இன்சுலேஷன் (வெப்பத் தடுப்பு) உள்ள, யு மதிப்பு 0.4 கொண்ட 12 சதுர மீட்டர் சுவர் வழியாக 120 வாட் போகும். யு மதிப்பு 2.8 உள்ள இரட்டைக் கண்ணாடி ஜன்னல் 2 சதுர மீட்டர்தான் இருக்கும், ஆனால் 140 வாட்டைக் கொண்டுபோய்விடும். இப்படி சுவர், கூரை, ஜன்னல், இடுக்கு வழியாக வரும் காற்று எல்லாவற்றையும் கூட்டுங்கள். இதைப் போட்டுப் பார்த்த பிறகு பலரும் குழாய் வாங்குவதற்கு முன் ஜன்னல் இடுக்குகளை அடைக்கப் போவார்கள். அதுதான் சரியும்கூட.

அடுத்து, தரையால் எவ்வளவு தர முடியும் என்று பாருங்கள். அறைக் காற்றைவிட ஒரு டிகிரி சூடாக இருக்கும் தரை, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 11 வாட் தரும். ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 1264, ஆட்கள் புழங்கும் இடத்தில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆக, 20 டிகிரி அறையில் வித்தியாசம் 9 டிகிரிதான், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 வாட்தான் உச்சம். 18 சதுர மீட்டர் அறைக்கு 1100 வாட் வேண்டுமென்றால் சதுர மீட்டருக்கு 61 வாட். தரை 26 டிகிரிக்குள் இருந்தாலே போதும், மரத்தரைக்கும் இது ஒத்துவரும். கணக்கு 100ஐத் தாண்டினால் எத்தனை குழாய் போட்டாலும் அறை சூடாகாது. முதலில் இழப்பைக் குறைக்க வேண்டும்.

இப்போது குழாய்க்கு வரலாம். 20 செ.மீ. இடைவெளி விட்டால் சதுர மீட்டருக்கு 5 மீட்டர் குழாய் பிடிக்கும். அந்த அறைக்கு 90 மீட்டர், மேனிஃபோல்டிலிருந்து (எல்லாக் குழாய்ச் சுற்றுகளுக்கும் நீரைப் பிரித்து அனுப்பித் திரும்பச் சேர்க்கும் பாகம்) போகவர இன்னொரு 10 மீட்டர். 16 மி.மீ. குழாயில் ஒரு சுற்று 100 மீட்டரைத் தாண்டினால் பம்ப் திணறும், அதனால் எல்லையிலேயே நிற்கும் இதை நான் இரண்டு சுற்றாகப் பிரிப்பேன். வெளிச்சுவர் ஓரத்தில் இடைவெளியைக் குறைத்து, சூடான நீர் முதலில் அங்கே போகும்படி விரியுங்கள். ஆக்சிஜன் தடுப்புப் பூச்சுள்ள பெக்ஸ் (வெப்பம் தாங்கும் ஒருவகை பிளாஸ்டிக்) குழாயையே வாங்குங்கள். சாதாரண பிளாஸ்டிக் வழியாக ஆக்சிஜன் உள்ளே ஊடுருவி, பம்பிலும் மற்ற இரும்புப் பாகங்களிலும் துரு ஏற்றிவிடும்.

பணம் இழுத்துப்பிடித்தாலும் கைவைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு: குழாய்க்கு அடியில் வரும் இன்சுலேஷன். சுவரோரம் செங்குத்தாக நிற்கும் இன்சுலேஷன் பட்டையையும் விட்டுவிடாதீர்கள். பம்ப், பாய்லரைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். கான்கிரீட்டுக்கு அடியில் இருப்பதை மாற்ற முடியாது. அதே காரணத்துக்காக, கான்கிரீட்டுக்குள் இணைப்பே வரக் கூடாது. ஒவ்வொரு சுற்றும் மேனிஃபோல்டில் தொடங்கி மேனிஃபோல்டில் முடியும் ஒரே குழாயாக இருக்கட்டும்.

விரித்து முடித்ததும் குழாய்க்குள் காற்றழுத்தம் ஏற்றி, அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துக்கொண்டிருங்கள். வெயில் ஏறி இறங்கும்போது முள் கொஞ்சம் நகரும், அதற்குப் பயப்பட வேண்டாம். தொடர்ந்து இறங்கினால் மட்டும் மேனிஃபோல்டு இணைப்புகளில் சோப்பு நீர் தடவித் தேடுங்கள், குமிழி வரும் இடத்தில்தான் கசிவு. கான்கிரீட் கொட்டும்போதும் அழுத்தத்தை இறக்காதீர்கள். யாராவது மண்வெட்டியால் குழாயைக் குத்திவிட்டால் முள் விழுந்து உடனே காட்டிக்கொடுக்கும், கலவை இறுகுவதற்குள் சரிசெய்துவிடலாம். கொட்டுவதற்கு முன், சுவரிலிருந்து அளவுநாடாவை நீட்டி வைத்து எல்லா இடத்தையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் தரையில் துளை போட நேர்ந்தால் அந்தப் படங்கள்தான் வழிகாட்டும்.

குளிக்கும் வெந்நீர் ஹீட்டரிலிருந்தே தரைக்கும் நீரை விடலாம், செலவு குறையும் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். கோடை முழுக்கக் குழாயில் தேங்கிக் கிடந்த நீர் குளிக்கும் நீரோடு கலந்தால் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமிக்கு இடம் கொடுத்ததாகிவிடும். தரைக்குத் தனி மூடிய சுற்றுதான் சரி. பாய்லர், எரிவாயு, மின் இணைப்பு ஆகியவற்றை உரிமம் பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். ஹீட் பம்ப் (வெளியிலிருந்து வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் தரும் கருவி) வைக்கும் எண்ணம் இருந்தால் நல்ல பொருத்தம், கான்கிரீட் தரைக்கு 35 முதல் 45 டிகிரி நீரே போதும்.

சிமென்ட் ஸ்க்ரீட் (குழாயை மூடும் சிமென்ட் கலவை அடுக்கு) போட்ட கையோடு சூடேற்றிவிடாதீர்கள். 21 நாள் காத்திருந்து, முதல் மூன்று நாள் 25 டிகிரி நீரை ஓடவிட்டு, அதன் பிறகே உச்சத்துக்குக் கொண்டுபோங்கள்.